ஆளுக்கொரு குழி

எங்க பாடசாலையில மரம் நடுறதுக்கு ஆள் பஞ்சமே கிடையாது. நாவலப்பிட்டியில இருந்து மேல ஏறி வர்ற ரோட்டுல எந்த வேன் மூச்சு வாங்கிக்கிட்டு வந்தாலும், உள்ள நாலு நெல்லிக்கன்னும் ஒரு பெனரும் இருக்கும். சுற்றாடலைக் காப்பாத்தாம திரும்பிப் போக மாட்டாங்க.

எனக்குத் தேவை மரம் இல்ல, கான். நான் கிருஷாந்தி, முதலாம் வகுப்பு டீச்சர். என் வகுப்பறைக்குப் பின்னால செங்குத்தா ஒரு மண்மேடு. அதுக்கு மேல, மழைத்தண்ணியை ஓரமா கொண்டுபோற கான் ஒண்ணு இருந்துச்சு. போன வருஷ மழையில அது தூர்ந்துபோச்சு. இப்போ தண்ணி மேட்டுக்குள்ளயே இறங்குது. ஒரு ஞாயித்துக்கிழமை சேறு பின்சன்னல் வழியா உள்ள வந்து, என் வகுப்பு யுகேஷ் உட்கார்ற கதிரை வரைக்கும் நின்னுச்சு. ஞாயித்துக்கிழமைங்கிறதால கதிரையில யுகேஷ் இல்ல. அன்னையில இருந்து வானம் இருட்டினாலே கதிரைகளை முன்பக்கம் இழுத்துப் போட்டுருவேன்.

பாடசாலை அதிபர் தியாகராஜா சேர்கிட்ட சொன்னேன். "மேலிடத்துக்கு அறிவிச்சாச்சு டீச்சர்"னாரு. மேலிடம் எவ்வளவு மேல இருக்கோ, இன்னும் போய்ச் சேரல.

பழைய மாணவர் சங்கம் கண்டியில இருந்து சிரமதானத்துக்கு, அதான் கூலி வாங்காம வேலை செய்ய, வருதுன்னாங்க. உடனே தலைவர் முத்துலிங்கத்துக்குப் போன் போட்டேன். "அண்ணே, இந்தத் தடவை கான் வெட்டித் தாங்களேன்."

"என்னா டீச்சர், எங்கப்பா தேயிலைத் தோட்டத்துல கான் வெட்டினது போதாதா? படிச்சு டவுனுக்குப் போன நாங்க திரும்பி வந்து கான் வெட்டவா? பாடசாலைத் தோட்டம் போடுறோம். ஆளுக்கொரு மரம், ஆளுக்கொரு பெயர்ப்பலகை. நீங்க எடத்தை மட்டும் காட்டுங்க."

எடம்தானே? காட்டிட்டா போச்சு.

சனிக்கிழமை பச்சை டீசேர்ட்டோட வந்து இறங்குனாங்க. தூர்ந்த கான் நெடுக நான் சுண்ணாம்புக் கோடு போட்டு வச்சிருந்தேன். "ஒரே வரிசையில குழி வெட்டுங்க, அப்பதான் எல்லாரும் ஒரே போட்டோவுல விழுவீங்க. முழங்கால் ஆழம் வேணும். மண்ணைக் கீழ்ப்பக்கமா குவிச்சு மிதிங்க, வேருக்கு ரெண்டு பிடி போதும். இது புது முறை"ன்னேன். எந்த நாட்டு முறைன்னு ஒருத்தர் கேட்டாரு. ஜப்பான்னேன். உடனே எல்லாரும் மம்பட்டியைத் தூக்கிட்டாங்க.

பக்கத்தாள் குழியை விடத் தன் குழி சின்னதா இருக்கலாமா? வங்கிக்காரர் அகலமாக்க, மாநகரசபைக்காரர் ஆழமாக்க, குழிக்கும் குழிக்கும் நடுவுல இருந்த மண்ணெல்லாம் காணாம போச்சு. முத்துலிங்கம் அண்ணன் மம்பட்டி பிடிச்ச அழகைப் பார்க்கணுமே! அவங்கப்பா கை அப்படியே இருக்கு. சொன்னா கோவிச்சுக்குவாருன்னு வாயைப் பொத்திக்கிட்டேன். பின்னேரத்துக்குள்ள மேட்டு ஓரத்துல இருந்து ஓடை வரைக்கும் வெட்டி முடிச்சாங்க. அதுக்குள்ள கன்னுகளை நிறுத்தி, பலகையைக் குத்தி, பனிஸும் பிளேன்டீயும் சாப்பிட்டு, பூமியைக் காப்பாத்துன களைப்போட வேன் ஏறுனாங்க.

அடுத்த வாரமே வானம் பொத்துக்கிட்டு ஊத்துச்சு. பாடம் நடக்குற நேரம். மேல தண்ணி இரையுது, நான் பின்சன்னலையே பார்த்துக்கிட்டு நிக்கிறேன். சேறு ஒரு சொட்டு வரல. அத்தனை தண்ணியும் கான் வழியா ஓடைக்குப் போயிருச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு.

மழை விட்டதும் அதிபர் குடையோட ஓடி வந்தாரு. கன்னுகளும் பெயர்ப்பலகைகளும் ஓடையில ஊர்வலம் போறதைப் பார்த்திருக்காரு பாவம்.

"டீச்சர், அவ்வளவு பேர் பாடுபட்டு நட்டது! தலைவர் கேட்டா நான் என்னத்தைச் சொல்றது? ஒண்ணு கூட மிஞ்சலையே!"

"மிஞ்சலையா?" வகுப்புக் கதவை நல்லா திறந்து விட்டேன். உள்ள தரை காஞ்சு கிடக்க, புள்ளைங்க எல்லாம் கதிரையில உட்கார்ந்து, கூரை பறக்கக் கத்திக்கிட்டிருந்துச்சுங்க. "எண்ணிப் பாருங்க சேர்."