ஊருணிக்கரைத் தெருவில் புகை விட்ட அன்று

மழை என்றால் ராமநாதபுரம் சீமையே சந்தோஷப்படும். எனக்கு மட்டும் பயம் வரும். இந்த மண்ணில் பிறந்தவள் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். என் மெஸ் வாசலில் ஒரு மழைக்கு நின்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

என் பெயர் முருகலட்சுமி. முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய்க் காட்டில் கிடந்தவள், கல்யாணமாகி இந்த டவுனுக்கு வந்து பதினாறு வருஷம். ஊருணிக்கரைத் தெருவின் பள்ளமான முனையில் வீட்டோடு சேர்த்து மெஸ் வைத்திருக்கிறேன். ராமேஸ்வரம் போகிற வேன் டிரைவர்கள் என் மீன்குழம்புக்காகவே வண்டியை ஓரம்கட்டுவார்கள். ஆனால் நாலு வருஷமாக, அரைமணி நேரம் மழை பெய்தால் போதும், வாசலில் இருக்கும் பாதாளச் சாக்கடை மூடி எழும்பிக் கக்க ஆரம்பித்துவிடும். அந்த நாற்றத்தில் யார் சாப்பிடுவார்கள்? கடையைப் பூட்டிவிட்டு பிளீச்சிங் பவுடரும் கையுமாக உட்கார்ந்திருப்பேன். போன ஆடியில் சுகாதார ஆய்வாளர் வந்து நோட்டீஸ் ஒட்டினார். இன்னொரு தடவை சாக்கடை பொங்கினால் மெஸ்ஸுக்கு லைசென்ஸ் ரத்து.

இதற்கெல்லாம் யார் காரணம் என்று எனக்குத் தெரியும். எதிரே மிளகாய்க் குடோன் வைத்திருக்கும் பாண்டித்துரைதான். அவ்வளவு பெரிய தகரக் கூரை, அதில் விழும் மழை எங்கே போகும்? நேராகச் சாக்கடைக்குத்தான். நடுத்தெருவில் நின்று நான் வைத வசவுக்கு வேறு ஆளாக இருந்தால் ஊரைக் காலி செய்திருப்பார். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. தப்புச் செய்தவர் எப்படி வாயைத் திறப்பார் என்று அதற்கும் சேர்த்து வைதேன்.

ஆவணியில் நகராட்சியிலிருந்து மாலதி என்று ஒரு இன்ஜினீயர் வந்தாள். பரமக்குடிப் பெண். சாக்கடை பொங்காமலிருக்க நிரந்தரமாக ஒரு திட்டம் போட வேண்டும் என்று தெரு ஆட்களை என் மெஸ்ஸிலேயே கூட்டினாள். எல்லாரும் பெரிய குழாயும் பெரிய மோட்டாரும் கேட்டோம்.

“பெரிய குழாய் போட்டா அதுவும் ரொம்பிரும்க்கா,” என்றாள். “வெயில் நாள்ல ஒங்க சாக்கடையில பாதிக் குழாய்கூட ஓடல, அளந்து பாத்துட்டேன். மழை பேஞ்சா மட்டும் ஏழு மடங்கு வருது. மழைத்தண்ணி எங்கனயோ உள்ள நொழையுது.”

“எங்கனயோ இல்லம்மா, எதுத்தாப்ல,” என்றேன். பாண்டித்துரை சுவரைப் பார்த்தார்.

“புகை விட்டுப் பாத்தாத் தெரிஞ்சிரும். சாக்கடைக்குள்ள புகைய ஊதுவோம். எந்த மாடிக் குழாய் வழியா வெளிய வருதோ, அந்த மாடித் தண்ணி உள்ள வருதுன்னு அர்த்தம்.”

“கொசு மருந்து மிஷின் சும்மாதான கெடக்கு. இன்னைக்கே அடிச்சிரலாமே,” என்றேன்.

“சாக்கடைக்குள்ள வாயு இருக்கும்க்கா. அந்த மிஷினை வச்சா தெருவே எந்திரிச்சுப் பறந்துரும். இதுக்குன்னு நெருப்பில்லாத புகை இருக்கு. மதுரையில இருந்து வாங்கிட்டு வாரேன்.”

புதன்கிழமை காலையில் புகை வந்து சேர்ந்தது. பாண்டித்துரையின் முகத்தை முதல் ஆளாகப் பார்க்க வேண்டும் என்று, என் மெஸ்ஸுக்கு முதுகைக் காட்டி, அவர் குடோனைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். காற்றாடி வைத்துச் சாக்கடைக்குள் ஊதினார்கள். தகரக் கூரையில் ஒரு இழை புகை இல்லை. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

“யக்கா, ஒன் மெஸ்ஸு பத்திக்கிருச்சு,” என்று பக்கத்து வீட்டு மீனம்மாள் பின்னாலிருந்து கத்தினாள்.

திரும்பினேன். என் மாடிக் குழாயில் கல்யாண வீட்டு அடுப்பு மாதிரி வெள்ளைப் புகை. அடுத்து மீனம்மாள் மாடியில். அதற்கடுத்த மாடியில். நாற்பது வீட்டுத் தெருவில் இருபத்தாறு மாடி புகைந்தது. பாண்டித்துரை மெதுவாக வந்து, குடோன் தண்ணீர் போய்ச் சேரும் நிலத்தடித் தொட்டியின் மூடியைத் திறந்து காட்டினார்.

என் வீட்டுக்காரர் வீரமணி கொத்தனார். கூட்டத்தில் நழுவப் பார்த்தவரைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

“நீதான லச்சுமி சொன்ன, வாசல்ல ஒரு பொட்டுத் தண்ணி நிக்கக் கூடாது, சாப்பிட வாரவுக வழுக்கி விழுறாகன்னு. நாலு வருசத்துக்கு முன்ன மழைநீர்க் குழி வெட்டி, போட்டோ எடுத்து நகராட்சிக்குக் குடுத்துட்டு, குழாயைத் திருப்பிச் சாக்கடையில விட்டுட்டேன். வாசல் காஞ்சுதான கெடந்துச்சு?”

“சரி. மத்த இருபத்தஞ்சு வீடு?”

“நம்ம வாசலைப் பாத்துட்டுத்தான் அவுகளும் கேட்டாக. நம்ம வீட்டுல செஞ்ச மாதிரியே சுத்தமாச் செஞ்சு குடுத்தேன்.”

மாலதிதான் முதலில் சிரித்தாள். பிறகு தெருவே சிரித்தது. எனக்குக் கோபத்தில் பேச்சே வரவில்லை. பதினாறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை என்று வீரமணி பிற்பாடு சொல்லித் திரிந்தார்.

மாலதி என் மேஜையிலேயே காகிதத்தை விரித்துக் கோடு போட்டாள். எல்லா மாடித் தண்ணீரையும் சாக்கடையிலிருந்து பிரித்து, தெரு ஓரமாகத் தனி வாய்க்காலில் விட வேண்டும். அது குடோனுக்குப் பின்னால் வறண்டு கிடக்கும் ஊருணிக்குப் போக வேண்டும். மோட்டார் வேண்டாம், தண்ணீர் தானாக ஓடும். ஆனால் வழி ஒன்றுதான். பாண்டித்துரையின் பட்டா நிலத்தில் மூன்றடி.

அவர் வீட்டுக்குப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். மன்னிப்பும் சொன்னேன்.

“வையும்போது நடுத்தெருவுல நின்னு வஞ்ச. இப்ப வீட்டுக்குள்ள வந்து காதோட சொல்ற. இது நல்லாருக்கா தாயி?” என்றார். நியாயம்தானே.

மறுநாள் மத்தியானம், மெஸ் நிறைய ஆள் இருக்கும்போது, நடுத்தெருவில் போய் நின்றேன்.

“எல்லாரும் கேட்டுக்கோங்க. பாண்டித்துரை அண்ணே மேல ஒரு தப்பும் இல்ல. தப்புப் பூராம் எங்க வீட்டுது. நான் வஞ்சதெல்லாம் பொய்யி.”

ஒரு பாவமும் அறியாத மனிதர் நாலு வருஷமாக அதையெல்லாம் கேட்டுக்கொண்டு அங்கேதான் இருந்திருக்கிறார். அந்த நினைப்பில் எனக்கு வெட்கத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது.

பாண்டித்துரை துண்டை உதறிக்கொண்டு வெளியே வந்தார். “இன்னைக்கு என்ன கொழம்பு?”

“பாறை மீனுண்ணே. தங்கச்சிமடத்துல இருந்து வந்தது.”

“நாலு வருசமா வாசனையை மட்டுந்தான் பிடிச்சுக்கிட்டிருக்கேன். எலையப் போடு. மூணடி பத்தாது, நாலடியா எடுத்துக்கச் சொல்லு அந்தப் புள்ளைய.”

வாய்க்கால் வெட்டி முடிவதற்குள், வீரமணி எங்கள் வீட்டில் ஆரம்பித்து இருபத்தாறு வீட்டிலும் தன் கையாலேயே குழாயைப் பிரித்துவிட்டார்.

ஐப்பசியில் ஒருநாள் விடியும்போதே வானம் இருட்டியிருந்தது. பழக்க தோஷம், நாலு படி அரிசி போடும் இடத்தில் ஒரு படிதான் போட்டேன். பதினொரு மணிக்கு மழை பிடித்தது. சுகாதார ஆய்வாளர் குடையோடு வந்து எதிர்ப்பக்கம் நின்றார். நான் வாசலில் நனைந்துகொண்டு சாக்கடை மூடியையே பார்த்தேன். அரைமணி ஆயிற்று, ஒருமணி ஆயிற்று. வாய்க்காலில் செந்தண்ணீர் புரண்டு ஊருணிக்கு ஓடியது. மூடி அசையவில்லை.

படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

“என்னக்கா, கடை இருக்கா இல்லையா?” என்று வேனிலிருந்து தலைக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு நாலு டிரைவர்கள் இறங்கினார்கள். மழையில் எங்கும் போக முடியாத ஆட்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் ஆய்வாளரும் குடையை மடக்கிவிட்டு இலை கேட்டார். சட்டியைப் பார்த்தேன், சோறு அடியில் கிடந்தது. மழை நாளில் என் மெஸ்ஸுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

எல்லாரையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பெரிய பானையில் உலை வைத்தேன்.