நாற்பத்தொன்றாம் நம்பர் மூட்டை

எங்கள் தொழிலில் ஆளுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். துணியை வாங்கியதும் காலரின் உள்பக்கம் அழியாத மையால் நம்பரைப் போட்டுவிடுவேன். பதினாறு வருடமாக அது என் வேலை. துவைப்பதும் வேன் ஓட்டுவதும் என் வீட்டுக்காரர் பொறுப்பு. இஸ்திரி இருவருக்கும் பொது, சண்டையும் அப்படியே. "பன்னெண்டு வந்து வாங்கிட்டுப் போயாச்சா?", "முப்பது இன்னும் காயலை" என்று நாங்கள் பேசுவதைக் கேட்கிற புது ஆள் இது சலவைக் கடையா ஜெயிலா என்று சந்தேகப்படுவார்.

நாற்பத்தொன்று எங்கள் கடைக்குப் பின்சந்தில் ஒற்றை அறையில் குடியிருந்தவர். அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். தனிக்கட்டை. வலது கால் கொஞ்சம் இழுக்கும், கையில் தடி. வாரத்துக்கு நான்கு வெள்ளைச் சட்டை சலவைக்குப் போடுவார், ஐந்தாவது உடம்பில் இருக்கும். ஆயுசெல்லாம் அச்சில் பிழை தேடிய கண் சும்மா இருக்குமா? என் இஸ்திரியில் தேட ஆரம்பித்தது.

"தங்கச்சி, இந்தக் கைமடிப்பு ரெண்டு கோடா ஓடுது பாரு."

"இவ்வளவு பாக்கறவங்க நீங்களே தேச்சுக்க வேண்டியதுதானே அண்ணே?"

"தேச்சுக்கலாம். அப்புறம் சண்டை போட ஆளுக்கு எங்க போறது?"

வாரம் தவறாமல் ஒரு புகார் உண்டு: ஒரு சட்டையில் மூன்றாவது பொத்தான் ஆடுகிறது. வாரம் தவறாமல் என் பதிலும் உண்டு: அடுத்த வாரம் தைத்துத் தருகிறேன்.

புயல் வருகிறது என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்படி எத்தனையோ புயல் பயம் காட்டிவிட்டு வேறு பக்கம் போயிருக்கிறது என்று தெருவில் யாரும் அசையவில்லை. நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு ஒலிபெருக்கி கட்டிய வண்டி வந்தது. பன்னிரண்டு மணிக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும், அதற்குப் பிறகு பாலத்தை மூடிவிடுவோம், தெருமுனைக்குப் பஸ் வரும் என்று சொல்லிக்கொண்டே போனது. அதன் பிறகுதான் எல்லோருக்கும் கை கால் ஓடவில்லை.

கடையில் அறுபத்து மூன்று மூட்டை இருந்தது. "நம்ம சாமானை ஏத்துவோம், துணி கெடக்கட்டும்" என்றார் வீட்டுக்காரர். நான் விடவில்லை. நம் துணி போனால் நாம் அழுது தீர்த்துக்கொள்ளலாம், ஊரார் துணி போனால் ஊருக்கே பதில் சொல்ல வேண்டும்.

"ஊரார் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானே வளரும்னு சொல்வாங்க. ஊரார் துணியக் காப்பாத்தினா நம்ம துணி தானே நடந்து வந்துருமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஏற்றினார். எங்கள் பெட்டி படுக்கை வீட்டிலேயே கிடந்தது. எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வேனின் முன்சீட்டில் மூன்று பேர் உட்காரலாம். நடு இடத்தில் பதினேழாம் நம்பர் பெண்ணின் கல்யாண உடையைப் போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை கல்யாணம். இடுப்பிலிருந்து பாதம் வரை மெல்லிய மடிப்புகள், ஒவ்வொன்றாகப் பிடித்துத் தேய்க்க ஒன்றரை நாள் ஆகியிருந்தது. பின்னால் கூரை முட்ட அடுக்கிய மூட்டைகளோடு போட்டால் கசங்கிவிடும் என்று சீட்டின் முதுகில் சாய்த்து, காகிதம் சுற்றி, குழந்தையை உட்கார வைப்பதுபோல வைத்திருந்தேன்.

ஒன்பதரை மணிக்கு நாற்பத்தொன்றாம் நம்பர் அண்ணன் வந்தார். கையில் ஒரு சின்னப் பை.

"தங்கச்சி, ஒரு ஓரமா எனக்கு இடம் இருக்குமா? இந்தக் காலை வெச்சுக்கிட்டுப் பஸ்ஸுல முட்டி மோத முடியாது."

நான் சீட்டைப் பார்த்தேன். உடையைப் பார்த்தேன். ஒன்றரை நாள் உழைப்பு கண்ணில் நின்றது.

"இதை மடிச்சா பாழாப் போயிடும் அண்ணே. இறக்கிப் போட்டதும் இவர் ரெண்டாவது நடை வருவார். பதினொண்ணுக்கெல்லாம் வந்துருவார். நீங்க எங்கயும் போயிடாதீங்க, கடை வாசல்லயே இருங்க."

"என் சட்டை நாலும் வண்டியில இருக்கா?"

"இருக்கு."

"அப்போ முக்கால்வாசி நான் ஏறியாச்சு" என்று சிரித்தார். வேன் கிளம்பும்போது, "பொத்தான்!" என்று கத்தினார். "வந்து தைக்கிறேன்!" என்று நானும் கத்தினேன்.

முக்கால் மணி நேரப் பாதை அன்றைக்கு இரண்டேகால் மணி நேரம் ஆனது. ஊரே ஒரே ரோட்டில் நின்றது. முகாமாக மாற்றியிருந்த பள்ளிக்கூடத்தை அடையும்போது பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம். மூட்டைகளை மழையிலேயே தள்ளிவிட்டு வீட்டுக்காரர் திரும்பி ஓடினார். இரண்டு மணிக்குத் தொப்பலாக நனைந்து தனியாக வந்தார்.

"பாலத்தை மூடிட்டாங்க. கையெடுத்துக் கும்பிட்டேன். விடலை."

"பஸ்ஸுல ஏறியிருப்பார்" என்றேன்.

"ஏறியிருப்பார்" என்றார் அவர்.

அன்று மாலைக்குள் இதையே பத்துத் தடவை சொல்லிக்கொண்டோம். வெளியே காற்று அடித்த அடியில் பள்ளிக்கூடத்துத் தகரக் கூரை ஒன்று பிய்ந்து மைதானத்தில் விழுந்தது. எங்கள் தெருவுக்குள் கடல் வந்துவிட்டது என்று மறுநாள் காலை ரேடியோவில் சொன்னார்கள்.

எங்களுக்கு ஏழாம் வகுப்பு அறை கிடைத்தது. கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட பின்னக் கணக்கு இருந்தது, அதை யாரும் அழிக்கவில்லை. மூட்டைகளை நம்பர்வாரியாகப் பெஞ்சுகளில் அடுக்கினேன். செய்தி பரவியதும் பக்கத்து முகாம்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். உடுத்திய துணியோடு வந்தவர்கள் தங்கள் சட்டையையே பார்த்ததும் முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டார்கள். "புண்ணியவதி" என்று ஒரு அம்மாள் என் கன்னத்தைத் தொட்டார். நல்ல பெயர் மழை மாதிரிக் கொட்டியது, நான் குடை பிடித்தவள்போல நின்றேன்.

பதினேழாம் நம்பர் பெண்ணும் வந்தாள். உடையைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு கண் கலங்கினாள்.

"இதையா தூக்கிட்டு வந்தீங்க அக்கா? மாப்பிள்ளை வீட்டுல யார் எங்க இருக்காங்கன்னே தெரியலை. இது போனா போயிருக்கட்டுமே."

பாவம், அவள் அன்பாகத்தான் சொன்னாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஐந்து நாளில் அறுபத்திரண்டு மூட்டைக்கு ஆள் வந்துவிட்டது. ஒரு மூட்டைதான் மிச்சம்.

காணாமல் போனவர்களைப் பதிவு செய்ய மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை போட்டிருந்தார்கள். முதல் நாளே போய் நின்றேன். பதிவு செய்த பெண் தலை நிமிராமல் கேட்டாள்.

"பேரு?"

வாயைத் திறந்தேன். நம்பர்தான் வந்தது.

"எங்க கடையில அவர் நாப்பத்தொண்ணு" என்றேன்.

"நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?"

"பதினாறு வருஷமா அண்ணேன்னு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பதினாறு வருஷமா அண்ணேன்னு கூப்பிடறீங்க, பேர் தெரியாதா?"

கடை நோட்டில் எழுதியிருப்பேன். நோட்டு மேசை இழுப்பறையில் இருந்தது. அறுபத்து மூன்று மூட்டையை ஏற்றியவள் அந்த ஒரு நோட்டை எடுக்கவில்லை. வயது அறுபத்தைந்துக்கு மேல், வலது கால் இழுக்கும், தடி, வெள்ளைச் சட்டை என்று எழுதிக்கொண்டாள். "இதே மாதிரி இருபது பேர் இருக்காங்கம்மா" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. கோபப்பட வேண்டிய ஆள் மேசைக்கு இந்தப் பக்கம்தான் நின்றாள்.

அலுவலக அறையிலிருந்து ஒரு இஸ்திரிப் பெட்டியை இரவல் வாங்கினேன். தினமும் காலையில் அண்ணனின் நான்கு சட்டைகளையும் பிரித்து மறுபடி தேய்ப்பேன். கைமடிப்பு ஒரே கோடாக ஓட வேண்டும், வந்தால் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது. பொத்தானை மட்டும் தைக்கவில்லை. அவர் வந்து நின்று திட்டினால்தான் தைப்பது என்று ஒரு பிடிவாதம்.

ஏழாம் நாள், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து முகாமில் தடியோடு ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். சட்டைகளை எடுத்துக்கொண்டு ஓடினோம். நீளமான கூடத்தின் கடைசிக் கட்டிலில், முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். கட்டிலில் தடி சாய்ந்திருந்தது. "அண்ணே!" என்றேன். திரும்பியவர் வேறு ஆள். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது, தன்னைத் தேடி யாரோ வந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார். அந்த முகம் வாடுவதைப் பார்க்கச் சக்தியில்லாமல் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அங்கேதான் எங்கள் தெருச் செருப்புக் கடைக்காரரைப் பார்த்தோம். அண்ணனைப் பற்றிக் கேட்டதும் அவருக்குக் குரல் இறங்கிவிட்டது.

"கடைசி பஸ்ஸுல கையப் புடிச்சு இழுத்தேன்மா. வரலை. லாண்டரிக்காரங்க வர்றேன்னு சொல்லியிருக்காங்க, நான் போயிட்டா வந்து தேடி அலைவாங்கன்னு சொல்லிட்டார். உங்க கடைப் படியிலயே உக்காந்திருந்தார்."

திரும்பி வந்து முகாம் வாசலில் வேனை நிறுத்திவிட்டு வீட்டுக்காரர், "நீ என்ன வேணும்னா செஞ்சே?" என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

பதினோராம் நாள் காலை அறிவிப்புப் பலகை முன்னால் ஒரே கூச்சல். வீடு திரும்பலாம் என்று அனுமதித்த தெருக்களின் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். எங்கள் தெரு அதில் இருந்தது. ஆட்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், விசில் அடித்தார்கள். வீட்டுக்காரர் கூட்டத்துக்குள்ளிருந்து எனக்குக் கையைக் காட்டினார். எனக்கும் ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. என் அடுப்பு, என் கட்டில் என்று மனம் ஓடியது.

அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள். அடையாளம் தெரியாத உடல்கள். நான்காவது வரியில், "ஆண், சுமார் எழுபது வயது, வெள்ளைச் சட்டை, காலரின் உள்ளே 41 என்று மையால் எழுதியுள்ளது."

நான் எழுதிய நான்கு, நான் எழுதிய ஒன்று.

அறைக்குப் போய் மூட்டையைப் பிரித்தேன். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து கதவருகில் நின்றார். ஊசி நூல் எடுத்து மூன்றாவது பொத்தானைத் தைத்தேன். இரண்டு நிமிட வேலை. பதினாறு வருடமாக இல்லாத இரண்டு நிமிடம்.

பிணவறையில் முகத்தைக் காட்டினார்கள். அதைப் பற்றிச் சொல்ல மாட்டேன். சட்டையையும் ஒரு பையில் போட்டு வைத்திருந்தார்கள், பதினோரு நாள் சேறு. அதிலும் மை கலங்கவில்லை.

"உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார் ஊழியர்.

"அண்ணன்" என்றேன். வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க இருந்தார்னு தெரியுமா?"

"எங்க கடை வாசல்ல."

அவர் தன் தாளைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ஷட்டரின் கைப்பிடியில் தடியை மாட்டிக் கையையும் கோத்துக்கொண்டிருந்தாராம். அதனால்தான் தண்ணீர் அவரை இழுத்துக்கொண்டு போகவில்லையாம். எங்கயும் போயிடாதீங்க என்று நான் சொன்னேன். அவர் போகவில்லை.

சலவைச் சட்டை போட்டுவிட அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். அண்ணன் கை விறைத்திருந்தது, வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். மூன்றாவது பொத்தானை நான்தான் போட்டேன். கைமடிப்பு ஒரே கோடாக இருந்தது. "பாத்துக்குங்க அண்ணே, குறை இருந்தா சொல்லுங்க" என்றேன். அதற்கு மேல் அழுகையை அடக்க முடியவில்லை. வீட்டுக்காரர் வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

"வீட்டுக்குப் போலாமா?" என்றார்.

பதினோரு நாளாக அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன். மீதி மூன்று சட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் சீட் காலியாக இருந்தது. பாலம் தாண்டி, சேற்றைத் தாண்டி, எங்கள் தெரு வரைக்கும் அது காலியாகவே வந்தது. ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம்.