கழுவிக் கெடுத்த ரோஜா

அலுவலக வாசலில் நின்ற இருபத்திரண்டு ரோஜாச் செடிகளுக்கும் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. இலைக்கு இலை கரும்புள்ளி. புள்ளியைச் சுற்றி மஞ்சள். நாலு நாளில் பாதி இலை உதிர, மொட்டுகள் குச்சியில் நின்று திருதிருவென்று முழித்தன.

மேலதிகாரி காரிலிருந்து இறங்கி மூக்கைச் சுளித்தார். "ஒண்ணாந்தேதிக்குள்ள இது தேறலைன்னா பிடுங்கிப் போட்டுட்டு சிமென்ட் போடச் சொல்லிடுவேன். கார் நிறுத்தவாவது ஆகும்."

ஒன்றாந்தேதிக்கு இன்னும் நாலு வாரம் இருந்தது. தோட்டக்காரர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். கையில் ரப்பர் குழாய் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அதனால் குழாயண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். தோட்டம் போனால் குழாயண்ணனுக்கு என்ன வேலை? சிமென்டுக்குத் தண்ணீர் விடுவதா? அதுவும் ஏழு நாள்தான்.

மருந்துக்கடைக்கு ஓடினார். கடைக்காரன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பூச்சிதான் அண்ணே. இதை அடிங்க, ஓடிடும்."

அடித்தார். ஓடுவதற்கு அங்கே பூச்சி எதுவும் இல்லை. பாவம், தேன் குடிக்க வந்த இரண்டு தேனீக்கள் செத்தன. புள்ளிகள் மட்டும் கொழுத்தன.

அதன்பிறகு அவர் சந்தேகப்படாத ஆள் இல்லை. டீத்தூளைக் கொட்டும் பியூன், எச்சில் துப்பும் காவலாளி, புகை விடும் மேலதிகாரியின் கார். அதே அலுவலகத்தில் கூட்டிப் பெருக்கும் தன் மனைவியையும் விடவில்லை. "நீ ஏதாவது பினாயில் ஊத்தினியா?"

"ஊத்தறதா இருந்தா உங்க தலையில ஊத்தியிருப்பேன். எழுந்து வாங்க."

ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். அவர் வெட்டி எறிந்த குச்சி ஒன்றை அவள் எப்போதோ அங்கே ஊன்றியிருந்தாள். குழாய் எட்டாத மூலை. காலையில் பாட்டிலில் மிஞ்சும் தண்ணீரை வேரில் கவிழ்த்துவிட்டுப் போவாளாம், அவ்வளவுதான். செடி பச்சைப்பசேலென்று நின்றது. மருந்துக்கும் ஒரு புள்ளி இல்லை.

"உங்க கை படாத செடி இது ஒண்ணுதான்" என்றாள். "புரியுதா?"

புரிந்தது. குனிந்து தன் கைகளைப் பார்த்தார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இருந்த அதிகாரி ஒருநாள் சாயங்காலம் தண்ணீர் பட்ட செடிகளைப் பார்த்து, "இலையெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கேய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். மனுஷர் ஓய்வுபெற்றும் போய்விட்டார். குழாயண்ணன் விடவில்லை. அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு ஒவ்வொரு இலையையும் குளிப்பாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

இந்தமுறை ஒரு நோயுற்ற இலையைப் பறித்துக்கொண்டு போய்க் கடை மேஜையில் அறைந்தார். கடைக்காரன் இப்போதுதான் கண்ணைத் திறந்தான்.

"அய்யோ, இது பூச்சியில்ல அண்ணே, பூஞ்சணம். புதுசா செடி ஏதும் வெச்சீங்களா?"

"போன மாசம் ரெண்டு."

"அதுலதான் வந்திருக்கும். ராத்திரி பூரா இலை ஈரமா இருந்தா நல்லா முளைக்கும். தண்ணி தெறிச்சா பக்கத்துச் செடிக்கும் போயிடும். உதிர்ந்த இலையை என்ன பண்றீங்க?"

"உரமாகட்டும்னு வேர்லயே குவிச்சு வெச்சிருக்கேன்."

"நல்லா வெச்சீங்க போங்க! நோய்க்குப் பாய் விரிச்சுப் படுக்கவே வெச்சிருக்கீங்க."

"இலையைப் பார்க்காம மருந்து குடுத்த உன்னை என்னடா பண்றது?"

"நீங்க இலையைக் கொண்டு வரலையே அண்ணே."

இரண்டு முட்டாள்களும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். பிறகு சரியான மருந்து கை மாறியது.

புருஷனும் பெண்டாட்டியுமாகப் புள்ளி விழுந்த இலை அத்தனையும் கிள்ளினார்கள். கீழே கிடந்ததையும் ஒன்று விடாமல் சாக்கில் அள்ளிப்போய் எரித்தார்கள். மிஞ்சியது இருபத்திரண்டு முள்குச்சி. அதற்கு மருந்தடித்தார்கள்.

மறுநாள் மேலதிகாரி பார்த்துவிட்டுக் கத்தினார். "செடிக்கு என்னய்யா நோய்?"

பழிபோட பியூன் இருந்தான், காவலாளி இருந்தான், கடைக்காரன் இருந்தான். குழாயண்ணன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

"நான்தான் சார். தினமும் சாயங்காலம் குழாயால பரப்பிட்டேன். ஒண்ணாந்தேதி வரைக்கும் டைம் குடுத்தீங்க. அதைப் பிடுங்காதீங்க."

மேலதிகாரி அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளாக, ஒருவன் தன் தப்பைத் தானே சொல்லிக் கேட்டதில்லை. "ஒண்ணாந்தேதி வரைக்கும்தான்" என்று விரலை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதன்பிறகு காலையில் மட்டும், வேரில் மட்டும் தண்ணீர். வாரம் ஒருமுறை மருந்து. சாயங்காலம் ஐந்து மணியானால் குழாயண்ணனின் கை அரித்தது. மனைவி துடைப்பத்தோடு குழாய்க்குக் காவல் நின்றாள்.

ஒன்றாந்தேதி சாயங்காலம் மேலதிகாரி குனிந்து பார்த்தார். குச்சிக்குக் குச்சி சிவப்புத் துளிர். கீழே விரிந்த இலைகளில் ஒரு புள்ளி இல்லை.

"சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். "ஆனா பளபளப்பு இல்லையே. கொஞ்சம் தண்ணி அடிச்சு விடக்கூடாதா?"

குழாயண்ணன் மனைவியைப் பார்த்தார். அவள் துடைப்பத்தைக் கை மாற்றிக்கொண்டாள்.

"அடிக்கிறேன் சார்" என்று குழாயைத் திருகி, மேலதிகாரியின் காரைக் குளிப்பாட்ட ஆரம்பித்தார்.