கணுக்காலில் ஒரு சில்லு

காயத்தின் நிலை மூன்று என்று ரிப்போர்ட்டில் போட்டுவிட்டு டாக்டர் பரிமளா அடுத்த படத்துக்குப் போயிருக்கலாம். செங்கல்பட்டு ஸ்கேன் சென்டரில் ஒரே கணுக்காலோடு மாரடித்துக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது. ஆனால் கணுக்காலுக்குச் சொந்தக்காரன் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றுவிட்டான்.

"ரெண்டுன்னு போட்டுக் குடுங்க மேடம். ரெண்டுன்னா கட்டு போட்டு வுட்ருவாங்களாம். மூணுன்னா ஆபரேஷனாம். மாசக்கணக்குல படகுல ஏறலன்னா என் எடத்த வேற ஆளுக்குக் குட்த்துருவாங்க."

பெயர் சின்னராசு. திருவிடந்தைப் பக்கத்துக் குப்பம். படகு கரை தட்டும்போது முன்முனையிலிருந்து முதலில் குதித்து, அலை இழுக்காமல் படகைப் பிடிக்கிற ஆள். அந்த இடம் போனால் போனதுதான்.

பரிமளாவுக்கு இந்தப் பேரமெல்லாம் பழக்கம். கோபம்கூட வராது. படத்தைத் திருப்பிக் காட்டினாள். கணுக்கால் எலும்பின் உச்சியில், குருத்தெலும்போடு சேர்ந்து ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

"ஒரு பக்கமாவது ஒட்டியிருந்தா ரெண்டு. இதுல அடியில பூரா தண்ணி ஓடுது, பாருங்க. முழுசா விட்டுப்போச்சு. ஆனா எடத்தவிட்டு நகரல, அதனால மூணு. இப்பவே பண்ணா திருப்பிப் பொருத்தலாம். நகந்துட்டா நாலு. அப்புறம் எடுத்துப் போட வேண்டியதுதான்."

"நல்லாத்தான் கீது மேடம். வலியே இல்ல."

குப்பத்தில் அடிபட்ட காலுக்கு ஒரே பரீட்சைதான். படகு விளிம்பில் ஏறி, எல்லோரும் பார்க்க மணலில் குதிக்க வேண்டும். விழாமல் நின்றுவிட்டால் கால் சரி, அப்புறம் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். இங்கே படகுக்கு எங்கே போவது? மூலையில் கிடந்த பெஞ்சில் ஏறினான்.

"இறங்குங்க" என்று பரிமளா எழுந்திருப்பதற்குள் குதித்தேவிட்டான். கீழே மணலா இருக்கிறது, டைல்ஸ் தரை.

பாவி, விழவில்லை. நின்றான். முகத்தில் சிரிப்புகூட வந்தது. அடுத்த அடி எடுத்து வைக்கப் போனபோது கணுக்கால் மடங்கவில்லை. கதவிடுக்கில் கல் மாட்டினாற்போல் பூட்டிக்கொண்டது. சுவரைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்தான்.

மறுபடி படம் எடுத்தார்கள். சில்லு மூட்டின் முன்பக்கம் போய்க் கிடந்தது. பரிமளாவுக்குப் படத்தைக் காட்டிப் பாடம் நடத்தியதற்குப் பதில் அவனை முதலில் உட்காரச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. போட்டிருந்த மூன்றை அழித்தாள்.

சக்கர நாற்காலியில் இருந்தவன் படத்தைப் பார்க்கவில்லை, அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணுன்னே இருக்கட்டும் மேடம்" என்றான் மெதுவாக.

அவள் நான்கு என்று அடித்தாள்.