மாட்டுக் கொம்பு

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை, விடிந்ததிலிருந்தே கோட்ஹார்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காபியை ஆற விட்டார். ஆறிப்போச்சே என்று சுடவைக்கச் சொன்னார். சுட்டு வந்ததைக் குடிக்காமல் எழுந்து ஜன்னலுக்குப் போய், வாசல் வழியைப் பார்த்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார்.

"ஏங்க, காலில வெந்நீரைக் கொட்டிக்கிட்ட மாதிரி ஏன் இப்படி அலையுறீங்க?" என்றாள் அவர் மனைவி ஒட்டிலி. "என்னதான் நடக்குது இந்தப் பண்ணையில? நானும் ஆறு மாசமாக் கேக்குறேன்."

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இந்த ஆட்டம்?"

ஒன்றுமில்லையாம்! பண்ணையின் மாட்டுத்தொழுவமே அன்றைக்குத் தராசில் நின்றது. ஓடர் ஆற்றங்கரையில் சிர்க்விட்ஸ் சீமாட்டியின் பண்ணைக்கு அவர் நிர்வாகி. கோமாரி வந்துபோன நாளிலிருந்து பசுக்கள் சினை தங்காமல் கன்றுகளைக் கலைத்துக்கொண்டிருந்தன. கோதுமை விதையிலும் பழைய தெம்பு இல்லை. சீமாட்டியின் தம்பி மகன் பிரெஸ்லா நகரத்திலிருந்து வெடியுப்பு மூட்டைகளை வரவழைத்துக் களஞ்சியத்தில் அடுக்கிவிட்டு, "உரம் மூட்டையில வருது, இனி இத்தனை மாடு எதுக்கு அத்தை?" என்று ஓதிவிட்டுப் போயிருந்தான். சாணி அள்ளாத கைக்கு அப்படித்தான் தோன்றும்.

போன வருஷம் பெந்தெகொஸ்தே பண்டிகைச் சமயத்தில் கோபர்விட்ஸ் மாளிகையில் நடந்த விவசாயக் கூட்டத்துக்குக் கோட்ஹார்டும் போயிருந்தார். அங்கே சொன்ன முறை இதுதான்: பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் புதைக்க வேண்டும். வசந்தத்தில் எடுத்தால் சாணம் கரிய மண்ணாகி வாடையற்றுப் போயிருக்கும். அதில் ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டு, சுழி விழச் சுற்றி, சுழியைக் கலைத்து எதிர்ப்பக்கம் சுற்றி, ஒரு மணி நேரம் கைவிடாமல் கலக்கி வயலில் தெளிக்க வேண்டும். மண் தேறும், மண் தேறினால் விதையும் மாடும் தேறும். கேட்டால் சிரிப்புதான் வரும். ஆனால் செத்த கன்றுகளை வண்டியில் ஏற்றி ஏற்றி அலுத்தவனுக்குச் சிரிப்பு வராது. அவர் முழு மனதோடு நம்பினார்.

கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடும் இருந்தது: அவரவர் நிலத்தில் சோதித்து உறுதியாகும்வரை வெளியாரிடம் வாய் திறக்கக் கூடாது. மனுஷர் அதைச் சுவிசேஷம் போலப் பிடித்துக்கொண்டார். நிலத்துக்காரி என்பதால் சீமாட்டியிடம் மட்டும் சொல்லி, "ஈஸ்டர்வரை பொறுங்க. கொம்புச் சாணம் மண்ணாகலைன்னா மாட்டையெல்லாம் வித்துடுங்க" என்று வாக்கும் கொடுத்துவிட்டார். கூடப் படுக்கிற மனைவியிடம் மூச்சு விடவில்லை.

இலையுதிர்காலத்தில் கொம்பு தேடிக் கசாப்புக்கடை பிஷுலாவிடம் போனார். மாடு வாங்குவது, விற்பது, வெட்டுவது மூன்றும் அந்த ஆள்தான்.

"கொஞ்சம் மாட்டுக் கொம்பு வேணும்."

"எதுக்கு நிர்வாகி ஐயா?"

கோட்ஹார்ட் மென்று முழுங்கினார். "அது… பொத்தான். பொத்தான் செய்ய."

"அட, பொத்தானுக்கா! கவலையை விடுங்க, நானே பொறுக்கித் தரேன்."

மூட்டை வந்த அன்று மாலையே, யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்ற பதற்றத்தில் தோட்டத்து மூலையில் சாணத்தை அடைத்துப் புதைத்துவிட்டார். ஒரு கொம்பைக்கூட உற்றுப் பார்க்கவில்லை.

இப்போது அந்தக் குழிக்குப் போகும் நேரம். சீமாட்டியின் வண்டி வந்தது. அதன் பின்னாலேயே பிஷுலாவின் வண்டியும், அதில் சுருட்டி வைத்த கயிறுகளும்.

"விலை பேசுறதுக்கு இவரையும் வரச் சொன்னேன்" என்றாள் சீமாட்டி. "தோண்டுங்க, பாப்போம்."

ஒட்டிலியும் வந்து நின்றாள். அவரே மண்வெட்டியை எடுத்துத் தோண்டினார். முதல் கொம்பு வந்தது. மண்ணைத் தட்டி, வாயைக் கீழே கவிழ்த்து உதறினார். பச்சைச் சாணம் சொத்தென்று விழுந்தது. அடைத்த அன்று எப்படியிருந்ததோ அப்படியே, நாற்றம் மட்டும் கூடுதல். சீமாட்டி கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினாள். கோட்ஹார்ட் அடுத்ததை எடுத்தார். அதுவும் நாறியது. அதற்கடுத்ததும்.

"ஐயையோ, இது நான் குடுத்த கொம்பாச்சே!" என்று பிஷுலா குழிக்கருகே ஓடிவந்தான். "பொத்தான் செய்யலையா? இதுக்குள்ள போயி சாணியை அடைச்சு வச்சிருக்கீங்களே! எவ்வளவு பாத்துப் பாத்துப் பொறுக்கினேன். ஒரு பசுக் கொம்பு கலக்கலையே! அதுதான் கன்னு போடப் போட வரி விழுந்து சொரசொரன்னு கெடக்குமே, பொத்தானுக்கு ஆகுமா? இது பூரா ஏர் இழுத்த எருதுக் கொம்பு. தடவிப் பாருங்க, கண்ணாடி!"

கோட்ஹார்ட் தடவிப் பார்த்தார். வழவழவென்றுதான் இருந்தது. குழி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இனி என்ன ரகசியம்? அங்கேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்: கூட்டம், கட்டுப்பாடு, சாணம், சுழி, கன்று ஈன்ற பசுவின் கொம்புதான் வேண்டும் என்பது, எல்லாம்.

"பசுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுதே!" என்று தலையில் அடித்துக்கொண்டான் பிஷுலா. "மாடுன்னா எருதும் மாடுதானே ஐயா?"

ஒட்டிலிக்குக் கோபத்தில் முகம் சிவந்தது. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்பாங்க. வெளியாருக்குத்தானே சொல்லக் கூடாது? நான் வெளியாளா?"

அவருக்கு வெட்கமாக இருந்தது.

சீமாட்டி தொழுவத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "கோட்ஹார்ட், கொம்பு தப்புன்னா முறையைக் குத்தம் சொல்ல முடியாது. இன்னொரு வருஷம் தரேன்" என்றாள். அவர் சட்டென்று எழுந்ததும் அவள் கையமர்த்தினாள். "பொறுங்க. கன்னும் இல்லாம பாலும் இல்லாம இத்தனை வாய்க்கு என்னால தீனி போட முடியாது. பாதி இன்னிக்கே போகட்டும். எதெதுன்னு நீங்களே காட்டுங்க. வயலுக்கு வெடியுப்பையே போட்டுடுங்க."

தொழுவத்துக்குள் போய் அவர்தான் காட்ட வேண்டியிருந்தது. கைநீட்டுவார், வேண்டாமென்று இழுத்துக்கொள்வார், மறுபடி நீட்டுவார். கடைசியில் வயதானவற்றைக் காட்டினார். ஒட்டிலி அவிழ்த்துக் கொடுத்தாள். நெற்றியில் வெள்ளை விழுந்த பிளெஸ்ஸியை அவிழ்க்கும்போது மட்டும் முடிச்சு வராமல் வெகுநேரம் குனிந்தே நின்றாள்.

வண்டிக்குப் பின்னால் மாடுகள் வரிசையாக நடந்தன. வாசல் தாண்டும்போது பிஷுலா திரும்பிக் கத்தினான். நல்ல மனசோடுதான் கத்தினான், பாவி.

"நிர்வாகி ஐயா! இந்தத் தடவை பசுக் கொம்புதானே? எங்கயும் அலைய வேணாம். வர்ற வாரம் நானே கொண்டாந்து தரேன். இதுங்க எல்லாம் கன்னு போட்டதுங்கதானே!"

ஒட்டிலி கணவரின் முகத்தைப் பார்த்தாள். வேண்டாமென்று சொல்லிவிடத்தான் வாயெடுத்தார். தொழுவத்தில் மிச்சமிருந்த மாடு ஒன்று, போகிறவற்றைப் பார்த்துக் கத்தியது.

"கொண்டா" என்றார். குரல் எட்டவில்லை. வாசல்வரை ஓடிப்போய் மறுபடி சொன்னார். "ஒண்ணு விடாமக் கொண்டா. எது யாரோடதுன்னு மட்டும் சொல்லிக் குடு."