ஸ்பிரிங் இல்லாத சைக்கிளும் என் டியூஷன் ரூமும்

எங்க வீட்டுக்காரர் அருண்பிரசாத் எட்டு மாசமா ஒரு சைக்கிள் செஞ்சார். வாங்கல, செஞ்சார். கால் நீளம், கை நீளம்னு டேப் வெச்சு அளவெடுத்து பட்டறைக்கு அனுப்பி, அவர் உடம்புக்குன்னே ஸ்டீல் ஃப்ரேம் அடிச்சு வந்துச்சு. நான் ஜாக்கெட் தைக்கக்கூட இவ்வளவு அளவு கொடுத்ததில்ல. கல்லு மேடெல்லாம் ஏறி இறங்கற சைக்கிளாம், ஆனா ஸ்பிரிங் கிடையாதாம். "அப்பதான் தரை நேரா நம்ம உடம்போட பேசும் செல்வி"ன்னார். மெத்தை குத்துதுன்னு தினம் என் உசுரை வாங்கற மனுஷன்!

இவ்வளவும் நடந்தது என் டியூஷன் ரூம்ல. வேங்கிக்கால்ல வீடு கட்டறப்பவே எனக்குன்னு சொன்ன ரூம். இப்ப அங்க டயர் தொங்குது, செயின் தொங்குது, சாவி அவர் பாக்கெட்டுல, ஏழு பிள்ளைங்க வாசப்படியில குந்திக்கிட்டு கணக்கு போடுதுங்க. எனக்கு வயிறு எரியுது. கடைசியில பந்தயம் கட்டினோம். கீழ்பென்னாத்தூர் ரோட்டுப் பக்கம் இருக்கற பாறைமேட்டுல இருந்து கால் ஊனாம இறங்கிட்டா ரூம் அவருக்கு. ஊனிட்டா எனக்கு.

பந்தயம் வேற, பூஜை வேற. ஞாயித்துக்கிழமை காலையில நானே பூஜை போட்டேன். ஆயுத பூஜைக்கு அருவாமனைக்குச் செய்யற மாதிரியே, பளபளன்னு தெரிஞ்ச இரும்பையெல்லாம் நல்லெண்ணெய்ல துடைச்சு சந்தனம் குங்குமம் வெச்சேன். சக்கரத்து நடுவுல வட்டமா ஒரு தகடு, முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. பொட்டு வைக்கவே செஞ்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் டயர்ல தூசி படக்கூடாதுன்னு சைக்கிளை மினி வேன்ல ஏத்திக்கிட்டுப் போனோம்.

மேட்டு மேல நின்னு கையை ஆட்டினார். கீழ அவர் சைக்கிள் குரூப்பு ஆளுங்க நாலு பேரும் நானும். பாதி தூரத்துல "ஐயோ அம்மா"ன்னு ஒரு சத்தம். வண்டி நிக்கவே இல்ல. கல்லு கல்லா எகிறி வந்து, வேர்க்கடலைக் கொல்லைக்குள்ள பூந்து, அப்படியே சாஞ்சார். கால் மட்டும் ஊனல. ஆளே போச்சுன்னு நெனச்சேன். ரூமும் போச்சு.

ஓடிப்போய்த் தூக்கினேன். அவர் அந்தத் தகட்டைத் தடவி விரலை மோந்து பார்த்தார்.

"செல்வி, பிரேக்குலயா எண்ணெய் தடவின?"

அதுதான் பிரேக்குன்னு எனக்கு அப்பதான் தெரியும். பாவி, ஆளையே கொன்னிருப்பேனேன்னு கண்ணு கலங்கிடுச்சு. அதுக்குள்ள குரூப்புல இருக்கற மாறன் ஓடி வந்தான்.

"அண்ணா, ஒரு இடத்துலகூட பிரேக் போடலியே!"

"பயந்தவன்தான் போடுவான்"னார் இவர், முழங்கால்ல ரத்தத்தோட.

என் கண்ணீர் அங்கேயே காஞ்சுபோச்சு.

"செம அண்ணா! இன்னொரு தரம் இறங்குங்க, வீடியோ எடுக்கறேன்"னான் மாறன்.

இவர் மூஞ்சி வெளுத்துப்போச்சு. மண்ணைத் தட்டிவிடற சாக்குல காதுகிட்ட போய்ச் சொன்னேன். "ரூமைக் காலி பண்ணுங்க, பிரேக்குல எண்ணெய் தடவினது நான்தான்னு எல்லார் எதிர்லயும் ஒத்துக்கறேன். இல்லாட்டி மேல ஏறுங்க."

"சாயந்திரமே பண்றேன்."

சொன்னேன். நாலு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "அப்ப பிரேக்கே இல்லாமலா இறங்கினீங்க!"ன்னு மாறன் வாயைப் பொளந்தான். இவர் நெஞ்சை நிமித்தினார்.

நிமித்தட்டும். நான் அவர் சைக்கிள் பனியனோட முதுகுப் பாக்கெட்டுல கையை விட்டு ரூம் சாவியை எடுத்துக்கிட்டேன்.