நடக்காத இறுதியாட்டம்

கரவெட்டி யதுசனைக் கேட்காமல் வடமராட்சி இளைஞர்கள் எந்தக் கைபேசி விளையாட்டுச் சுற்றுப்போட்டிக்கும் பெயர் கொடுப்பதில்லை. நடத்துகிறவன் நம்பத்தக்கவனா என்று விசாரித்து வாட்ஸ்அப் குழுவில் சொல்வான். சம்பளமில்லாத உத்தியோகம். ஆனாலும் கண்டிப்பில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கிற மாமனாரும் அவனிடம் தோற்றுப்போவார்.

அது பட்டுத் தெளிந்த கண்டிப்பு. இரண்டு வருடங்களுக்கு முன் ஒருவன் போட்டி அறிவித்தபோது, யதுசனும் அவன் கூட்டாளி ஜெயசுதனும் நம்மவர் எல்லோரும் கேட்கிற அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். "எவ்விடம் நீங்கள்?"

"புத்தூர், கோயிலடி" என்று பதில் வந்தது. போதாதா? யதுசனின் அம்மாவும் புத்தூர். கண்ணை மூடிக்கொண்டு காசு கட்டிச் சேர்ந்தார்கள், இறுதியாட்டம் வரைக்கும் வென்றார்கள். இறுதியாட்டத்தன்று காத்திருந்ததுதான் மிச்சம். ஆட்டத்துக்குள் நுழைகிற இலக்கம் வரவேயில்லை, போட்டிக்கென்று அவன் தொடங்கிய குழுவையும் காணவில்லை. புத்தூரில் விசாரித்தால் அப்படி ஒரு பிறவியே கிடையாது.

அடுத்த மாதம் ஜெயசுதன் பிரான்சுக்குப் போனான். உணவகத்தில் கிழமையில் ஏழு நாளும் வேலை. அதன்பிறகு யாரோடு விளையாடினாலும் யதுசனுக்குக் கை ஓடவில்லை. "வலப்பக்கம் பாரடா!" என்று காதுக்குள் கத்துகிற அந்தக் குரலுக்கு அவன் ஏங்கிப்போனான்.

இப்போது அவன் யாரிடமும் ஊர் கேட்பதில்லை. முன்பு வென்றவர்களைத் தேடிப் பிடித்து, இறுதியாட்டம் உண்மையாக நடந்ததா என்று கேட்பான்.

போன கிழமை ஒரு புதிய அறிவித்தல் வந்தது. முப்பது அணிகள் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. 'முன்னைய சம்பியன்கள்' என்ற இடத்தில் இரண்டு பெயர்கள்: ஜெயசுதன், யதுசன். அவர்களுக்கு நேரடியாக அரையிறுதி இடமாம். இருவரும் ஒன்றாக இறுதிவரை போனது அந்த ஒரு போட்டியில்தான். அதே புத்தூர்க்காரன், வேறு பெயரில். கெட்டிக்காரன், விசாரிக்கிறவனையே சாட்சியாக்கிவிட்டான்.

யதுசன் பிரான்சுக்கு அழைத்தான்.

"பாத்தனியே மச்சான்?" ஜெயசுதன் துள்ளினான். "நாங்கள் சம்பியனாம்! ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு கேட்டிட்டன். ரெண்டு பேரும் ஒண்டா விளையாடுவம்."

"நாங்கள் எங்கை வெண்டனாங்கள்? பைனல் நடக்கேல்லையே."

"நடந்திருந்தா வெண்டிருப்பம்தானே. விடடா."

'ஓம், நம்பலாம்' என்று குழுவில் எழுதினால் போதும், ஞாயிற்றுக்கிழமை அந்தக் குரல் காதுக்குள் வந்துவிடும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், யதுசன் அதை மூன்று தரம் எழுதி மூன்று தரமும் அழித்தான். முப்பது அணிப் பிள்ளைகளும் தங்களைப்போலவே வராத இலக்கத்துக்குக் காத்திருப்பார்கள்.

கடைசியில் எழுதினான்: "ஆரும் சேராதேங்கோ. பைனல் நடக்கேல்லை. நாங்கள் வெல்லவுமில்லை."

குழு நன்றிகளால் நிறைந்தது. அதைப் பார்க்காமல் ஜெயசுதனுக்குத் தனியாக அனுப்பினான்: "போட்டி இல்லாட்டி என்ன, ஞாயிற்றுக்கிழமை சும்மா விளையாடுவமே?"

பதில் வந்தது.

"சம்பியன் எண்டு காட்டித்தான் முதலாளியிட்டை லீவு கேட்டனான் மச்சான். இனி வேலைக்குத்தான் போகவேணும்."